டிஜிட்டல் அரெஸ்ட், மியூல், லீன்: இந்தச் சொற்கள் யார் வாயில் பிறந்தவை?

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது இப்படி ஒரு செய்தி கண்ணில் படுகிறது. ஓய்வுபெற்ற ஒருவர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்யப்பட்டார், பணம் ‘மியூல் அக்கவுண்ட்’களுக்குப் போய்விட்டது, ‘கோல்டன் ஹவர்’ தாண்டிவிட்டதால் ஒரு பகுதிக்கு மட்டுமே ‘லீன்’ போட முடிந்தது, அழைப்பு ‘சிம் பாக்ஸ்’ வழியாக வந்திருக்கிறது. ஐந்து வரிச் செய்தியில் ஐந்து புதுச் சொற்கள். யாரோ ஏமாந்தார் என்று புரிகிறது. எப்படி ஏமாந்தார், பணம் எங்கே போனது, நம் வீட்டுக்கு அந்த அழைப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அந்தச் சொற்களுக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது.

விஷயம் சின்னது அல்ல. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2023-ல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-ல் 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. இவ்வளவு பணம் கைமாறும் இடத்தில் புதுச் சொற்கள் முளைக்கத்தான் செய்யும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

## பொற்கொல்லரின் ‘பறி’

பள்ளியில் தகுதி வழக்கு படித்தவர்களுக்கு குழூஉக்குறி நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொண்ட பெயர்கள். தேர்வுக்கு அவ்வளவு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த எடுத்துக்காட்டிலேயே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பொன்னுக்குப் பொன் என்ற பெயரே இருக்கும்போது பட்டறையில் எதற்கு இன்னொரு பெயர்? எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்று செய்தியில் புழங்கும் மோசடிச் சொற்களும் குழூஉக்குறிகளே. நான்கு பட்டறைகளிலிருந்து வருகின்றன: மோசடிக் கும்பல், போலீஸ், வங்கி, இணையப் பாதுகாப்பு நிறுவனங்கள். எந்தப் பட்டறையில் அடித்த சொல் என்று தெரிந்தால், அது யாருக்கு வசதி, எதை மறைக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

## டிஜிட்டல் அரெஸ்ட்: மோசடிக்காரரின் வசனம் செய்தித் தலைப்பான கதை

முதலில் அந்த அழைப்பைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். பெரும்பாலும் பதிவுசெய்த குரலில் தொடங்கும்: “உங்கள் பெயரில் உள்ள மொபைல் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்.” அழுத்தினால் ஒருவர் மரியாதையாகப் பேசுவார். உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதில் குற்றம் நடந்திருக்கிறது, இணைப்பைப் போலீசுக்கு மாற்றுகிறேன் என்பார். அடுத்து வீடியோ அழைப்பு. சீருடை, பின்னால் போலீஸ் சின்னம், மேஜையில் கோப்புகள், வாக்கி டாக்கி இரைச்சல். வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர் போட்ட ‘கைது வாரன்ட்’ வந்து விழும். இது ரகசிய விசாரணை, மனைவி மக்களிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் குற்றவாளி. கேமராவை அணைக்கக் கூடாது. குளியலறைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ‘நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள்.’

இந்தக் கடைசி வரியைச் சொல்பவர் மோசடிக்காரர். அந்தச் சொல் அவருடைய வசனம். சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்பதை வரிசையாகப் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் அதன்படி:

1. பிரிவு 43: கைது செய்யும் அதிகாரி அந்த நபரின் உடலைத் தொட வேண்டும், அல்லது அவரைப் பிடித்து அடைக்க வேண்டும், இல்லையெனில் அவரே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட வேண்டும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கும் காட்சி இது.

2. அதே பிரிவின்படி, விதிவிலக்கான சூழலில் தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. இந்த மோசடியில் பெண்களை இரவெல்லாம் கேமரா முன் உட்கார வைத்திருக்கிறார்கள்.

3. பிரிவு 36: கைது செய்பவர் தெளிவாகத் தெரியும் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரிடமோ ஊரில் மதிப்புள்ள ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

4. பிரிவு 48: கைதான தகவலை உறவினருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டியது போலீசின் கடமை. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பது அதற்கு நேர் எதிர். இந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்த நொடியில் அழைப்பைத் துண்டித்துவிடலாம் என்பேன்.

5. அரசியலமைப்பின் 22-வது பிரிவு: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இங்கே வாரக்கணக்கில் ‘காவல்’ நடக்கிறது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் படித்தவர்கள், மருத்துவர்கள், பெரிய அதிகாரத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் எப்படி விழுகிறார்கள் என்று டீக்கடையில் கேட்பது சுலபம். பதில் சொல்வதற்கு அந்தப் பொய்யைச் சுற்றியிருக்கும் உண்மைகளைப் பார்க்க வேண்டும். நீதிமன்றங்கள் வீடியோ மூலம் விசாரணை நடத்துகின்றன. கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாயிற்று. புதிய சட்டம் நீதிமன்றச் சம்மனை மின்னணு முறையில் அனுப்ப இடம் கொடுக்கிறது. விசாரணைக்கு ஆஜராகும்படி போலீஸ் நோட்டீஸ் அனுப்புவதும் உண்மை. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் போலீசிடமே இருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சம்மன் போனில் வரலாம், விசாரணை போனில் நடக்கலாம் என்றால் கைதும் போனில் வரக் கூடாதா என்று பயந்த மனம் ஒரு படி தாவுகிறது. அந்த ஒரு படிக்குத்தான் ‘டிஜிட்டல்’ என்ற அடைமொழி பாலம் போடுகிறது. டிஜிட்டல் பணம், டிஜிட்டல் கையெழுத்து, டிஜிட்டல் ரேஷன் கார்டு என்று பத்தாண்டுகளாக அரசே சொல்லிப் பழக்கிய சொல் அது.

2024 ஆகஸ்டில் பஞ்சாபைச் சேர்ந்த, 80 வயது கடந்த ஜவுளித் தொழிலதிபர் ஒருவரிடம் ஏழு கோடி ரூபாய் பறித்த கும்பல், வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற அமர்வையே அரங்கேற்றியது. ஒருவன் அன்றைய தலைமை நீதிபதியாக நடித்தான். 2025-ல் ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, உச்ச நீதிமன்றத்தின் போலி உத்தரவைக் காட்டித் தங்களிடம் ஒரு கோடிக்கும் மேல் பறித்ததை அந்த நீதிமன்றத்துக்கே கடிதமாக எழுதினார்கள். நீதிமன்றம் அக்டோபரில் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, டிசம்பர் 1 அன்று நாடு முழுவதும் உள்ள இத்தகைய வழக்குகளை விசாரிக்கும்படி சிபிஐக்கு உத்தரவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2024 அக்டோபர் 27 அன்று, பிரதமர் தன் மாதாந்திர வானொலி உரையில் ‘டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஏற்பாடே சட்டத்தில் இல்லை’ என்று சொல்லியிருந்தார்.

‘இல்லை’ என்று சொல்வதற்குக்கூட அந்தப் பெயரையே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல். தமிழ்ச் செய்திகள் இதை ‘டிஜிட்டல் கைது’ என்று மொழிபெயர்த்தபோது பொய்யும் சேர்ந்தே மொழிபெயர்ந்தது. ‘முதியவர் டிஜிட்டல் கைது’ என்று தொலைக்காட்சியின் அடிவரி ஓடும்போது, பாதிப் பார்வையில் படிக்கிறவர் மனதில் என்ன பதியும்? இப்படியும் ஒரு கைது இருக்கிறது என்பதுதான். ஒற்றை மேற்கோள் குறி போட்டால் போதாதா என்று கேட்கலாம். மேற்கோள் குறி காதில் கேட்காது. ‘போலிக் கைது மிரட்டல்’ என்று எழுதினால் மூன்று சொல்லில் வேலை முடிந்துவிடும். இதற்கு முன் இதே மோசடிக்கு ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரைச் சூட்டினார்கள். உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று தொடங்கும் வகை அது. பாவம், அந்த நிறுவனத்துக்கும் மோசடிக்கும் சம்பந்தம் கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

## மியூல்: நம் ஊரில் இதற்குப் பெயர் ‘குருவி’

மிரண்டவர் பணத்தை அனுப்புகிறார். யாருக்கு? மோசடிக்காரர் தன் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுக்க முட்டாள் அல்ல. வேறொருவர் பெயரில், கேஒய்சி எல்லாம் சரியாக இருக்கும் ஓர் உண்மையான வங்கிக் கணக்கு வேண்டும். அதுதான் ‘மியூல் அக்கவுண்ட்’.

மியூல் என்றால் கோவேறு கழுதை. என்ன மூட்டை, யாருடைய மூட்டை என்று கேட்காமல் சுமக்கும் விலங்கு. போதைப்பொருளைக் கடத்திக் கொடுக்கும் ஆட்களுக்கு ஆங்கிலப் போலீஸ் வழக்கில் இருந்த பெயர், பணத்தைக் கடத்தும் கணக்குக்கும் வந்துவிட்டது. தமிழில் இதே வேலைக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் தங்கம் பிடிபட்ட செய்திகளில் ‘குருவி’ என்று வாசித்திருப்பீர்கள்: விமான டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் வாங்கிக்கொண்டு, முதலாளி யார் என்றே தெரியாமல் சரக்கைச் சுமந்து வருபவர். மாட்டினால் குருவிதான் மாட்டும். பணம் சுமக்கும் கணக்கை ‘குருவிக் கணக்கு’ என்று ஒரு துணை ஆசிரியர் எழுதியிருந்தால் அடுத்த நாளே ஊருக்குப் புரிந்திருக்கும். சில செய்திகளில் வரும் ‘வாடகை வங்கிக் கணக்கு’ என்பதும் நல்ல சொல்தான். ஆனால் எல்லாக் கணக்கும் வாடகைக்கு விட்டது அல்ல.

குருவிகளில் மூன்று வகை:

1. தெரிந்தே விற்பவர். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, செக் புக், கணக்கோடு இணைத்த சிம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகைக்குக் கொடுத்துவிடுகிறார், அல்லது கணக்கில் புரளும் பணத்தில் கமிஷன் வாங்குகிறார். வியாபாரத்துக்கான கரண்ட் அக்கவுண்ட்டுக்கு மவுசு அதிகம். பெரிய தொகை வந்து போனாலும் கண்ணை உறுத்தாது.

2. பாதி தெரிந்தவர். ‘உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுடா மாப்ள’ என்று விடுதி நண்பன் கேட்டதற்காகச் செய்யும் கல்லூரி மாணவர். பகுதிநேர வேலை என்று டெலிகிராமில் சேர்ந்து, ‘பணத்தைப் பெற்று மாற்றி அனுப்புவதே வேலை’ என்று நம்பியவர்.

3. எதுவுமே தெரியாதவர். கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஆவணங்களை வாங்கி, அவர் பெயரில் கணக்குத் திறந்திருப்பார்கள்.

போலீஸ் வீட்டுக்கு வரும்போது மூவருக்கும் ஒரே பெயர்தான். ‘மியூல்’ என்ற சொல்லின் குறை இதுதான்: கழுதைக்கு எதுவும் தெரியாது என்று ஒரு பக்கம் மன்னிப்பு கொடுக்கிறது, மறு பக்கம், ஏமாந்த மூன்றாம் வகையையும் முதல் வகையோடு ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. தெரிந்தே கணக்கு கொடுத்தவர் ஏமாற்றுதலுக்கு உடந்தை, சிறைக்குப் போகலாம். ரிசர்வ் வங்கி இந்தக் கணக்குகளின் நடத்தையை மோப்பம் பிடிக்கவே ‘மியூல்ஹண்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2024 டிசம்பரில் அறிவித்தது. பல மாதம் தூங்கிய கணக்கில் ஒரே நாளில் பல ஊர்களிலிருந்து பணம் வந்து, வந்த வேகத்தில் வெளியே போனால் சந்தேகம் வர வேண்டும் என்பதுதான் இத்தகைய கருவிகளின் அடிப்படை.

## லேயர், கோல்டன் ஹவர், லீன்: டீக்கடைக்காரர் மாட்டும் இடம்

இனி வருவது வங்கி, போலீஸ் பட்டறைச் சொற்கள். ஏமாறாதவரையும் இவை பாதிக்கும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பணம் முதல் குருவிக் கணக்கில் தங்காது. அது ‘லேயர் 1’. அங்கிருந்து சில நிமிடங்களில் பத்து, இருபது கணக்குகளுக்குப் பிரிகிறது. அவை ‘லேயர் 2’. அங்கிருந்து இன்னும் பிரிந்து, ஏடிஎம்மில் ரொக்கமாகவோ, டாலர் மதிப்போடு பிணைத்த யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவாகவோ, பழைய உண்டியல் (ஹவாலா) வழியிலோ வெளியேறுகிறது. கல்யாண வீட்டு அண்டா சாம்பார் எத்தனை இலைக்குப் போனது என்று பந்தி முடிந்த பிறகு தேடுவதைப் போன்ற வேலை போலீசுக்கு.

1930 என்ற சைபர் மோசடி உதவி எண் இதற்காகத்தான். அழைத்து, அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, எந்தக் கணக்கிலிருந்து எப்போது எவ்வளவு போனது என்று பரிவர்த்தனை எண்ணோடு சொன்னால், அந்தத் தகவல் வங்கிகளை இணைக்கும் ஒரு மென்பொருளில் ஏறுகிறது. முதல் வங்கி பார்க்கிறது. பணம் இருந்தால் நிறுத்திவைக்கிறது, போய்விட்டால் எந்த வங்கிக்குப் போனது என்று குறித்து அடுத்த வங்கிக்குத் தள்ளுகிறது. பணம் ஓடும் பாதையிலேயே புகாரும் ஓடுகிறது. இரண்டில் எது முந்தும் என்பதுதான் ‘கோல்டன் ஹவர்’. விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றும் முதல் ஒரு மணி நேரத்துக்கு மருத்துவர்கள் வைத்த பெயரைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பொருத்தமான கடன்தான். ஆனால் தப்பர்த்தமும் சேர்ந்து வருகிறது: ‘ஒரு மணி நேரம் போச்சு, இனி எதுக்கு’ என்று புகாரையே கைவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் சொன்னாலும் ஏதாவது ஒரு லேயரில் மிச்சம் மாட்டலாம், சொல்ல வேண்டும்.

‘லீன்’ என்பது வங்கியின் பழைய சொல். ஒரு தொகையின் மீது இன்னொருவருக்கு உள்ள பிடிமானம். வைப்புநிதியின் பேரில் கடன் வாங்கியவர்களுக்குப் பழக்கமான விஷயம். உங்கள் கணக்கில் 40,000 இருந்து 10,000-க்கு லீன் என்றால், 30,000-ஐ எடுக்கலாம். பத்தாயிரம் அங்கேயே இருக்கும், தொட முடியாது. ‘டெபிட் ஃப்ரீஸ்’ என்றால் கதை வேறு: பணம் உள்ளே வரும், ஒரு ரூபாய்கூட வெளியே போகாது.

இப்போது ஒரு டீக்கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். லேயர் 3-ல் இருக்கும் ஒரு குருவி அங்கே வந்து இரண்டு டீ, நான்கு வடை சாப்பிட்டு 90 ரூபாயை க்யூஆர் கோடில் செலுத்துகிறான். தடம் தேடும் மென்பொருளுக்கு வடை தெரியாது. மோசடிப் பணத்தில் 90 ரூபாய் இந்தக் கணக்குக்கு வந்தது என்று மட்டும் தெரியும். வேறு மாநிலப் போலீசிடமிருந்து குறிப்பு போகிறது. 90 ரூபாய்க்கு லீன் விழுந்தால் போகட்டும். கணக்கையே முடக்கிவிட்டால் மறுநாள் பால்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வங்கியில் கேட்டால் ‘சைபர் கிரைம் சொல்லிட்டாங்க சார், அங்கே கேளுங்க’ என்பார்கள். ‘அங்கே’ என்பது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும், பாஷை தெரியாத ஒரு ஸ்டேஷன்.

இப்படி மாட்டியவர்கள் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தலாம், முழுக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்ற திசையில் கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று சொல்லாமல் முடக்குவது வாழ்வுரிமையைப் பாதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொன்னது. ஆகவே வங்கியில் கேட்க வேண்டிய கேள்விகள்: போட்டிருப்பது லீனா, ஃப்ரீஸா? எந்தத் தொகைக்கு? புகாரின் எண் என்ன, எந்த ஸ்டேஷன்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அக்கவுண்ட் பிளாக் ஆயிடுச்சு’ என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சேர்த்துச் சொன்னால், வங்கிக்கு வசதி, உங்களுக்கு நஷ்டம்.

## சிம் பாக்ஸ்: +91 என்று வந்தால் இந்தியா என்று அர்த்தமில்லை

வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் சிம் பாக்ஸ். உள்ளே பல சிம்களைச் செருகும் இடங்கள், வெளியே வரிசையாக ஆன்டெனாக்கள். வாடகை வீட்டில் ஒரு மேஜை, ஓர் இணைய இணைப்பு, இந்தப் பெட்டி. கம்போடியாவில் பேசுபவனின் குரல் உங்கள் போனில் +91 எண்ணாக ஒலிக்கும்.

இது பரவியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பு பெட்டியே இல்லாமல், வெளிநாட்டு அழைப்பின் எண்ணை மட்டும் +91 என்று போலியாகக் காட்டினார்கள், அதுதான் ‘ஸ்பூஃபிங்’. 2024 அக்டோபர் 22 அன்று தொலைத்தொடர்புத் துறை இதைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் தடுத்தவை மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள். வாசலை அடைத்தால் கொல்லைப்புறம். போலி +91 எடுபடாதபோது உண்மையான +91 சிம்களே தேவைப்படுகின்றன. அந்த சிம்கள் யார் பெயரில்? மறுபடியும் குருவிகள் பெயரில்தான்.

## பன்றியும் கிடாவும்

‘பிக் பட்சரிங்’ என்ற சொல் சீன மோசடிக் கும்பல்களின் ‘ஷா ஜூ பான்’ என்பதிலிருந்து வந்தது. பன்றியைக் கொழுக்க வைத்து அறுக்கும் ஆட்டம் என்று பொருள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு ‘ஹலோ’, பிறகு நட்பு, வாரக்கணக்கில் பேச்சு, அப்புறம் ஒரு முதலீட்டுச் செயலி. முதலில் 5,000 போட்டால் 6,000-ஆகத் திருப்பி எடுக்கவும் விடுவார்கள். நம் ஊரில் நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது தலையை உலுக்கக் காத்திருப்பார்கள் அல்லவா, அந்த ஆயிரம் ரூபாய் லாபம்தான் மஞ்சள் தண்ணீர். உலுக்கிய பிறகு வீட்டை விற்றுப் போட்டவர்கள் உண்டு.

இந்தப் பெயரை நிறுத்துங்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. பாதிக்கப்பட்டவரைப் பன்றி என்று அழைத்தால் அவர் எப்படிப் புகார் கொடுக்க வருவார் என்பது அவர்கள் வாதம். அதற்குப் பதிலாக அவர்கள் முன்வைத்த சொல் ‘ரொமான்ஸ் பெய்ட்டிங்’. அன்பைத் தூண்டிலாக்குதல் என்று கொள்ளலாம். ஒரு போலீஸ் அமைப்பு, குற்றவாளியின் குழூஉக்குறியை நாங்கள் பேச மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்ன அபூர்வமான தருணம் அது. டிஜிட்டல் அரெஸ்டுக்கு அப்படி ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த முனையில் உட்கார்ந்து பேசுபவர் யார் என்பது இன்னொரு சொல்லுக்குக் கொண்டுபோகிறது: ‘சைபர் அடிமை’. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய வளாகங்களில் கட்டாயப்படுத்தி மோசடி செய்ய வைக்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் சொல்லி அனுப்ப, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைபட்ட தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். பாஸ்போர்ட் பறிமுதல், இலக்கு எட்டாவிட்டால் அடி, வெளியேற வேண்டுமானால் லட்சக்கணக்கில் பணம். இங்கே ‘அடிமை’ என்பது மிகை இல்லை. இந்தப் பட்டியலில் உள்ளதை உள்ளபடி சொல்லும் சொல் இது ஒன்றுதான்.

## ஃபிஷிங், விஷிங், ஸ்மிஷிங், க்விஷிங்

இந்தக் குடும்பத்துக்கு அதிக இடம் தேவையில்லை. மின்னஞ்சலில் தூண்டில் போட்டால் ஃபிஷிங், குரலில் போட்டால் விஷிங், எஸ்எம்எஸ்ஸில் ஸ்மிஷிங், க்யூஆர் கோடில் க்விஷிங். முதலாவது 1990-களின் நடுவில் பிறந்தது. மற்றவை அதன் வாலைப் பிடித்து வந்தவை. பாதுகாப்பு நிறுவனங்களின் விளக்கப் படங்களுக்கு இந்த வகைபிரிப்பு உதவும். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறந்து பணத்தை விட்டவருக்கு, தான் விழுந்தது எந்த ‘ஷிங்’ என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

## ஈமுவிலிருந்து எஃப்ஐஆர் வரை

தமிழ்நாட்டில் மோசடிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் முன்பு வேறு மாதிரி இருந்தது. ஈமு கோழி மோசடி, இரிடியம் மோசடி, மண்ணுளிப் பாம்பு மோசடி, அரிசியை இழுக்கும் கலசம் என்று விற்ற ‘ரைஸ் புல்லிங்’. எல்லாம் இரையின் பெயர். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுவில் பணம் போட்டவர்களைப் பற்றிப் படித்த யாரும், அதன் பிறகு யாராவது ஈமு என்று வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். பெயரே எச்சரிக்கைப் பலகையாக இருந்தது. புதுச் சொற்களில் அந்த வசதி இல்லை. தூண்டிலில் மாட்டியிருக்கும் புழுவைக் காட்டாமல், தூண்டில்காரனின் தொழில்நுட்பத்தைக் காட்டுகின்றன.

புதுச் சொல் ஒன்று அடுத்த வாரமும் வரும். வந்ததும் கேட்டுப் பார்க்க நான்கு கேள்விகள் போதும்:

1. இதை முதலில் சொன்னது யார்: ஏமாற்றியவனா, பிடிப்பவரா, வங்கியா, பாதுகாப்பு நிறுவனமா?
2. இந்தச் சொல்லில் வரும் செயலைச் செய்ய யாருக்காவது சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா?
3. பாதிக்கப்பட்டவர் இந்தச் சொல்லில் மனிதராக இருக்கிறாரா, விலங்காகவா?
4. இதையே ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வோம்?

கடைசிக் கேள்விக்கு விடை பல சமயம் எஃப்ஐஆரிலேயே இருக்கிறது. இத்தகைய வழக்கின் எஃப்ஐஆரில் குற்றமாக ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று எழுத முடியாது. அப்படி ஒரு பிரிவு கிடையாது. எழுதக்கூடியவை எல்லாம் பழைய, எளிய தமிழில் இருக்கும் குற்றங்கள்: அரசு ஊழியராக ஆள்மாறாட்டம், மிரட்டிப் பணம் பறித்தல், பொய் ஆவணம் புனைதல், நம்ப வைத்து ஏமாற்றுதல். இதில் கடைசியாக வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த எண் 420. சட்டப் புத்தகத்திலிருந்து தெருவுக்கு இறங்கி வசைச்சொல்லாகவே ஆகிவிட்ட எண். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றத்துக்கு அது பொருந்தாது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318(4). ஸ்டேஷன் ரைட்டர் புது எண்ணுக்குப் பழகிவிட்டார். ‘அவன் சரியான 318’ என்று தெருவில் இதுவரை யாரும் திட்டக் காணோம்.